காரைக்காலில் ஒரு 'கால்'

ரெண்டு வாரமா மாலெசன் எழுதின பிரெஞ்சு இந்திய வரலாற்றைப் புரட்டிட்டு இருக்கேன். நடுநடுவே வாரக்கடைசியில் நண்பர்களோட போக்கர். (கடலைமிட்டாய் வெச்சுத்தான் ஆடுறோம் சாமி. இணையத்துல காசு வெச்சு ஆடுறதுக்கு 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு தடைச் சட்டமே போட்டாச்சு.) ரெண்டும் மண்டைக்குள்ள கலந்துபோனதோட விளைவுதான் இந்தப் பதிவு. பொறுத்தருள்க :-)

போக்கர் தெரியாதவங்களுக்கு ரெண்டே பத்தி. நம்மூர் மூணு சீட்டுல எல்லாச் சீட்டும் கையில மறைவா இருக்கும். டெக்சாஸ் ஹோல்டெம்ல அப்படியில்லை. ஆளுக்கு ரெண்டு சீட்டுதான் மறைவு. முதல் சுற்றுப் பந்தயம் முடிஞ்சதும் நடுவுல மூணு சீட்டைத் திறந்து வைப்பாங்க. அதுதான் ஃப்ளாப். அது எல்லாருக்கும் பொது. அப்புறம் ஒண்ணு, அதுக்கப்புறம் இன்னொண்ணு. முறையே டர்ன், ரிவர்.

தலைவலி ஃப்ளாப்புக்கு அப்புறம்தான். எதிராளி ஒரு தொகையை உள்ளே தள்ளுறான். நீங்க சீட்டைக் கவிழ்த்துட்டு எழுந்திருக்கலாம். அதே தொகையைக் கட்டி உள்ளே இருக்கலாம் (கால்). இல்லே, ஏத்தலாம் (ரெய்ஸ்). நடுவுல 100 இருக்கு, அவன் 50 தள்ளுறான்னா, நீங்க 50 கட்டி 150-க்குக் குறி வைக்கிறீங்க. நாலுல ஒரு தடவை ஜெயிச்சாலே கட்டினதுக்குச் சரியாப் போயிடும். அது காலோட கணக்கு. ரெய்ஸ் கணக்கு வேற. அதுல ஜெயிக்க ரெண்டு வழி: ஒண்ணு, உங்க சீட்டு நல்லா இருக்கணும். இல்லே, எதிராளி பயந்து கவிழ்க்கணும். கவிழ்க்கவே மாட்டான்னு தெரிஞ்ச ஆள்கிட்ட வெறுங்கையோட ரெய்ஸ் பண்றது, கிணத்துல காசு போடுற மாதிரி.

சரி, இப்போ 1738-க்குப் போவோம்.

பாண்டிச்சேரி கவர்னர் பெனுவா டூமா. 1735-ல பதவிக்கு வந்தவர். அவர் கண்ணு தஞ்சாவூர்க் கடற்கரை மேல. காவிரி டெல்டா நெல்லும் துணியும் இறங்குற கரை அது. தரங்கம்பாடியில 1620-லயே டேனிஷ்காரன் உக்காந்தாச்சு. நாகப்பட்டினத்துல 1658-லேர்ந்து டச்சுக்காரன். ரெண்டுக்கும் நடுவுல அரசலாறு கடல்ல கலக்குற இடத்துல காரைக்கால். காலியா இருந்த சீட் அது ஒண்ணுதான்.

அந்த நேரம் பார்த்துத் தஞ்சாவூர் அரண்மனையில அடிதடி. துக்கோஜி 1736-ல செத்ததுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷத்துல சிம்மாசனம் மியூசிக்கல் சேர் ஆயிடுச்சு. அதுல ஓடி ஒளிஞ்ச சாகுஜி, டூமாவுக்கு ஆள் அனுப்புறார்: ஐம்பதாயிரம் சக்கரம் கொடுங்க, காரைக்கால், கருக்களாச்சேரிக் கோட்டை, கூட சில கிராமங்கள் உங்களுக்கு. டூமா ஒத்துக்கிட்டுக் கப்பல்களையும் அனுப்பிட்டார். கப்பல் போய்ச் சேர்றதுக்குள்ள சாகுஜி உள்ளூர்ப் பெருந்தலைகளைச் சரிக்கட்டி மறுபடி அரியணையில உக்காந்தாச்சு. உக்காந்ததும் என்ன பண்ணுவார்? எந்தக் காரைக்கால், எந்த ஒப்பந்தம்னுட்டார். பக்கத்துல டச்சுக்காரன் வேற, கொடுக்காதேன்னு தூபம் போடுறான்.

இதுதாங்க ஃப்ளாப். மேசையில திறந்து கிடக்கிற மூணு சீட்டைப் பாருங்க. வாக்கு மாறின, ஆனா இன்னும் கால் ஊணாத ராஜா. பொறாமையில வேகுற டச்சுக்காரன். மூணாவதா, 1736-ல ராணி மீனாட்சிகிட்டேர்ந்து திருச்சியை அபகரிச்சுட்டு, அடுத்து தஞ்சாவூர்தான்னு நாக்கைத் தொங்கப்போட்டுட்டு இருக்கிற சந்தா சாகிப், ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியோட மாப்பிள்ளை. இது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. டூமா கையில மறைஞ்சிருந்த சீட்டு ஒண்ணே ஒண்ணு: சந்தா சாகிப்போட அவருக்கிருந்த சிநேகம்.

கப்பல் போயாச்சு, பீரங்கி இருக்கு, ஒப்பந்தம் கையெழுத்தாகி இருக்கு. சாதாரணமா ஒருத்தன் இங்கே ரெய்ஸ்தான் பண்ணியிருப்பான், சுட்டுப் பிடிடான்னு. டூமா பண்ணலை. அதுக்காகச் சீட்டைக் கவிழ்த்துட்டு எழுந்தும் போகலை. உள்ளேயே இருந்தார். அதாவது கால்.

சண்டை போட்டிருந்தா எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்னு யோசிங்க. டெல்டாவுல வியாபாரம் பண்ண வந்தவன் அந்த டெல்டா ராஜாவையே பகைச்சுக்கணும். பாரீசுல இருக்கிற கம்பெனி முதலாளிகளோ லாபக் கணக்கைத் தவிர வேற எதையும் படிக்காதவங்க (நம்ம மேனேஜருங்க மாதிரின்னு வெச்சுக்கோங்க). அதைவிட முக்கியமா, தனக்குப் பின்னால இன்னொருத்தன் ரெய்ஸ் பண்ணக் காத்திருக்கான்னு டூமாவுக்குத் தெரியும். போக்கர்ல இது பாலபாடம்: பின்னாடி உக்காந்திருக்கிறவன் எப்படியும் ஏத்தப்போறான்னா நீ எதுக்கு முந்திக்கணும்?

அதேதான் நடந்தது. தஞ்சாவூரோட மல்லுக்கட்டிட்டு இருந்த சந்தா சாகிப், என் செலவுலயே காரைக்காலைப் பிடிச்சுத் தர்றேன்னு தானா வந்தார். அவர்கிட்ட வேலை பார்த்த பிரான்சிஸ்கோ பெரேரா குதிரைப்படையோட போய்க் கோட்டையைப் பிடிச்சு, 1739 பிப்ரவரி 14 அன்னைக்கு பிரெஞ்சுக்காரங்ககிட்ட ஒப்படைச்சார். (காதலர் தினப் பரிசு!) டூமா பக்கம் யுத்தச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடிச்சது. சந்தா சாகிப் கொடுத்தாச்சு, போதும்னு விடலை. பயந்துபோன சாகுஜிகிட்டேர்ந்தும் சம்மதப் பத்திரம் வந்தது. அதே வருஷம் சாகுஜி போய் பிரதாப சிங் வந்தார். அவர்கிட்டயும் உறவைச் சரிபண்ணிக்கிட்டாங்க. பணமுடையில இருந்த அவர்கிட்டேர்ந்து மேற்கொண்டு கிராமங்களும் வந்து சேர்ந்தது. அந்தக் கிராமத்துல நாத்து நட்டுட்டு இருந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேக்கலைங்கிறது தனிக்கதை. நம்ம ஆட்டத்துல நடுவுல கிடக்கிறது கடலைமிட்டாய். அங்கே கிடந்தது ஊரும் ஜனமும்.

டர்ன் சீட்டு 1740 மே மாசம் விழுந்தது. மராட்டியப் படை தாமல்செருவுல தோஸ்த் அலியைக் கொன்னுடுச்சு. ரிவர், 1741 மார்ச்: திருச்சி வீழ்ந்து சந்தா சாகிப் கைதி. அவர் மானியம் ஒண்ணை மட்டும் நம்பியிருந்தா காரைக்காலும் அன்னைக்கே ஆட்டம் கண்டிருக்கும். தஞ்சாவூர்ப் பத்திரம் பெட்டியில இருந்ததால தப்பிச்சது.

நடுவுல டூமா ஒரே ஒரு தடவை நிஜமாவே ரெய்ஸ் பண்ணார். சந்தா சாகிப் குடும்பமும் நவாப் குடும்பமும் பாண்டிச்சேரியில தஞ்சம். அவங்களை ஒப்படை, கப்பம் கட்டுன்னு ரகோஜி போன்ஸ்லே மிரட்டுறார். முடியாதுன்னு பதில். ஏன்னா இங்கே கணக்கு மாறிடுச்சு. டூமா பின்னாடி மதிலும் பீரங்கியும் கடலும் இருக்கு. ரகோஜிக்கோ முற்றுகைக்கு நேரமும் இல்லை, பெரிய பீரங்கியும் இல்லை. கவிழ்க்கக்கூடிய எதிராளி. கவிழ்த்தார். டூமா அனுப்பின பிரெஞ்சு மதுவகைகள் அவர் வீட்டம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போனதுதான் காரணம்னு ஒரு கதை உண்டு. நான் மதிலைத்தான் நம்புவேன்.

1742 ஜனவரியில டூப்ளே வந்தார். ஆளைப் பத்திச் சொல்லவே வேண்டாம், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு முழுக்க நிறைஞ்சிருக்கிற மனுஷன். மேதைதான், மறுக்கலை. ஆனா அவர் அகராதியில கால்ங்கிற வார்த்தையே கிடையாது. 1749 ஆகஸ்ட் 3, ஆம்பூர்ல அன்வருதீனைக் கொன்னாச்சு. உடனே திருச்சிக்குப் போன்னு டூப்ளே தலையால அடிச்சுக்கிறார். விடுதலையாகி வந்திருந்த சந்தா சாகிப்புக்குக் காசு வேணும், தஞ்சாவூரைப் போய் முற்றுகை போட்டார். அதுல காரைக்காலைச் சுத்தி 81 கிராமம் பிரெஞ்சுக்குக் கிடைச்சது. ஆனா போன நேரம் போனதுதான்.

அப்புறம் திருச்சி. வருஷக்கணக்கா ரெய்ஸ் மேல ரெய்ஸ். எதிர்ல இருந்தது ஓடி ஒளிஞ்ச ராஜா இல்லை. கடல் வழியா ஆளும் பணமும் வந்துட்டே இருக்கிற இங்கிலீஷ்காரன். அவன் எதுக்குக் கவிழ்க்கணும்? 1751-ல கிளைவ் ஆற்காட்டைப் பிடிச்சான். 1752 ஜூன்ல ஸ்ரீரங்கத்துல பிரெஞ்சுப் படை சரண். சந்தா சாகிப் தலையை வாங்கினது யாருன்னு நினைக்கறீங்க? தஞ்சாவூர்த் தளபதி மானோஜி. பழைய பாக்கி! 1754-ல டூப்ளேவைத் திருப்பிக் கூப்பிட்டாங்க. 1763-ல கடனாளியா செத்தார்.

முடிவைப் பார்த்துட்டு ஆட்டக்காரனை எடை போடுறியேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. சந்தா சாகிப் நேரா திருச்சிக்குப் போயிருந்தா நான் இந்தப் பதிவை வேற மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. ஆனா எதிராளி கவிழ்க்க மாட்டான்னு 1752-லயே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் பணத்தைக் கொட்டினதுக்கு என்ன சமாதானம்?

காரைக்கால் என்ன ஆச்சு? 1760 ஏப்ரல்ல இங்கிலீஷ்காரன் பிடிச்சான். 1765-ல திரும்பக் கொடுத்தான். அப்புறமும் கை மாறி மாறி, கடைசியா 1817 ஜனவரி 14-ல பிரெஞ்சு வசம். 1954 நவம்பர் 1 வரைக்கும் அப்படியே இருந்தது. சட்டப்படி கை மாறினது 1962 ஆகஸ்ட் 16. டூமா வாங்கினது மொத்தம் 215 வருஷத்துக்கு மேல கணக்குல இருந்திருக்கு.

பாண்டிச்சேரி கடற்கரையில டூப்ளேவுக்குச் சிலை இருக்கு. டூமாவுக்கு ஒரு தெரு.