முதல் ஆண்டும் இரண்டாம் ஆண்டும்: கார்ப் பந்தயக் கற்றுக்குட்டிகளின் வரலாறு

விடுமுறைக்கு வெதுருகுப்பம் போயிருந்தபோது சித்தப்பா மகன் கைப்பேசியில் ஃபார்முலா ஒன் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். புதிதாக வந்திருந்த ஓர் இளம் ஓட்டுநரைக் காட்டி, "அண்ணா, இவன் வந்த வருஷமே சாம்பியன் ஆயிடுவானா?" என்று கேட்டான். "ஆக மாட்டான்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். ஏன் என்று அவன் அடுத்துக் கேட்டதற்குத்தான் என்னிடம் உடனே விடை இல்லை. அந்த விடையைத் தேடிப் போனதில் நம் பக்கத்து வரலாறு ஒன்றும் கைக்குக் கிடைத்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு சொல். முதல் ஆண்டு ஓட்டுநரை நாளிதழ்கள் 'அறிமுக வீரர்' என்கின்றன; ஊர்ப்பேச்சில் 'கத்துக்குட்டி'. இதன் எழுத்து வடிவம் கற்றுக்குட்டி. 'ற்ற' பேச்சில் 'த்த' ஆவது காற்று காத்தாவது போன்ற வழக்கமான மாற்றந்தான். அரைகுறையாகக் கற்றவன் என்னும் இளக்காரம் இச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பந்தய வரலாற்றில் முதல் ஆண்டிலேயே வெற்றியை நெருங்கியவர்களுக்கோ இந்தச் சொல் சற்றும் பொருந்தாது. அவர்கள் வேறெங்கோ நன்றாகக் கற்று முடித்து வந்தவர்கள்.

உலக ஓட்டுநர் சாம்பியன் போட்டி 1950 மே 13 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் தொடங்கியது. அந்த ஆண்டு வென்றவர் இத்தாலியரான ஜுசெப்பே ஃபரீனா. கணக்குப்படி பார்த்தால் அவரும் முதல் ஆண்டு ஓட்டுநரே. ஆனால் போட்டியே அன்றுதான் பிறந்தது என்பதால் களத்தில் இருந்த அத்தனை பேரும் முதலாண்டினர். 43 வயதான ஃபரீனா 1930களிலிருந்தே கார் ஓட்டியவர். அவரைக் கழித்துவிட்டால், இத்தனை ஆண்டுகளில் அறிமுக ஆண்டிலேயே பட்டத்தை எடுத்தவர் ஒருவரும் இல்லை.

நெருங்கியவர்களில் இருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1996இல் வில்லியம்ஸ் அணிக்கு வந்த கனடியர் ஜாக் வில்நவ், ஆஸ்திரேலியாவில் தம் முதல் பந்தயத்திலேயே முதல் இடத்திலிருந்து புறப்பட்டு இரண்டாவதாக முடித்தார். அவ்வாண்டு நான்கு வெற்றிகள். பட்டம் கடைசிப் பந்தயம்வரை இழுபறியாகி, முடிவில் அதே அணியின் டேமன் ஹில்லுக்குப் போயிற்று. வில்நவ் 1995இல் அமெரிக்க இண்டிகார் சாம்பியன். ஃபார்முலா ஒன் பருவம் தொடங்கும் முன்பே வில்லியம்ஸ் காரில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்.

இன்னொருவர் லூயிஸ் ஹாமில்டன். 2007இல் அவருடைய முதல் ஒன்பது பந்தயங்களும் முதல் மூன்று இடங்களுக்குள் முடிந்தன. இரண்டு பந்தயங்கள் எஞ்சியிருந்தபோது கிமி ரெய்க்கோனனைவிட 17 புள்ளிகள் முன்னால் இருந்தார். அக்காலத்தில் ஒரு வெற்றிக்குப் பத்துப் புள்ளிகள்தாம். சீனாவில் தேய்ந்துபோன டயர்களோடு அணியின் பணிக்கூடப் பாதைக்குள் திரும்புகையில் சரளைக்கல்லில் சிக்கி நின்றுவிட்டார். பிரேசிலில் கியர்ப் பெட்டிக் கோளாறினால் பின்தங்கி ஏழாவதாக முடித்தார். இறுதிக் கணக்கு: ரெய்க்கோனன் 110, ஹாமில்டன் 109. மக்லாரன் நிறுவனம் அவரை 1998 முதலே, பதின்மூன்று வயதிலிருந்தே, வளர்த்து வந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் கார்ட் தொடரில் அறிமுக ஆண்டுச் சாம்பியன்கள் உண்டு. 1993இல் நைஜல் மான்செல், 1999இல் ஹுவான் பப்லோ மொன்டோயா. முன்னவர் முந்தைய ஆண்டின் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன். பின்னவர் டேரியோ ஃபிரான்கிட்டியுடன் 212 புள்ளிகளில் சமநிலை பெற்று, கூடுதல் வெற்றிகள் என்ற கணக்கில் பட்டம் பெற்றார். அவரும் அதற்கு முந்தைய ஆண்டு ஐரோப்பாவில் ஃபார்முலா 3000 பட்டம் வென்றவர். இவர்களை யார் கத்துக்குட்டி என்பார்கள்?

இனி நம் பக்கம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் நெடுங்காலம் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. எங்கள் ஊரிலிருந்து புத்தூர், நகரி, திருத்தணி வழியாகத் திருவள்ளூர் போய்த் தெற்கே திரும்பினால் அந்த இடம்.

தடத்தைப் போலவே காரும் முக்கியம். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே எஞ்சின், கட்டுப்படியாகும் செலவு. யாரிடம் பெரிய கார் இருக்கிறது என்பது இங்கே கேள்வியில்லை என்பதால் புதியவனும் முன்வரிசைக்கு வர முடிந்தது. தமிழ்நாட்டுப் பந்தய வரலாற்றில் மிகப் பெரிய செயல் இதுதான் என்பது என் கருத்து. கரிவரதனுக்கு உரிய வாழ்க்கை வரலாறு தமிழில் விரிவாக எழுதப்பட வேண்டும். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவைப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில், இருங்காட்டுக்கோட்டையில், தம் முதல் பந்தயத்திலேயே மேடையேறியவர் நாராயண் கார்த்திகேயன். 1992இல், பதினைந்து வயதில், பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போனார். 1994இல் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். அடுத்தது ஃபார்முலா ஆசியா. 1995இல் நான்கு பந்தயங்களில் மட்டும் ஓட்டினார். மலேசியாவின் ஷா ஆலமில் இரண்டாவதாக வந்தார். 1996இல் முழுப் பருவமும் ஓட்டினார், சாம்பியன் ஆனார்.

இந்த 1995, 1996 என்னும் இணையைக் கவனியுங்கள். வில்நவ் 1996இல் தோற்று 1997இல் உலகச் சாம்பியன் ஆனார். ஹாமில்டன் 2007இல் ஒரு புள்ளியில் இழந்ததை 2008இல் ஒரு புள்ளியில் எடுத்தார். இன்னும் பின்னே போனால், 1950இல் ஃபரீனாவிடம் தோற்ற ஃபாங்கியோ 1951இல் வென்றார். ரெய்க்கோனனுக்கு ஏழாம் பருவத்தில்தான் பட்டம். 1980இல் நுழைந்த மான்செலுக்கு 1992வரை காத்திருப்பு. ஆக, முதல் ஆண்டில் வெல்ல முடியுமா என்று கேட்பதைவிட, இரண்டாம் ஆண்டு கிடைக்குமா என்று கேட்பதே பொருத்தம். முதலாண்டுப் பிழைகள் பாடமாவதும் வெறும் தோல்விக் குறிப்பாக நின்றுவிடுவதும் அதைப் பொறுத்தவை.

கார்த்திகேயனுக்கு 2005இல் ஜோர்டன் அணியில் இடம் கிடைத்தது. ஃபார்முலா ஒன்னில் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தாம். மெல்போர்னில் பன்னிரண்டாம் இடத்திலிருந்து புறப்பட்டுப் பதினைந்தாவதாக முடித்தார். அணியோ கடைசி வரிசையைச் சேர்ந்தது, அதுவும் அவ்வாண்டுதான் கைமாறியிருந்தது. இண்டியானாபொலிசில் மிஷலின் டயர்ச் சிக்கலால் 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய விசித்திரப் பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அப்புள்ளிகளை எள்ளுவோர் உண்டு. ஓடிய ஆறு பேரில் இருவரை முந்தியே அவர் அவற்றைப் பெற்றார். அடுத்த ஆண்டு வில்லியம்சில் சோதனை ஓட்டுநர் பணி. பந்தய இருக்கை இல்லை. மீண்டும் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்ட 2011 ஆயிற்று, அதுவும் எச்ஆர்டி என்னும் மிகப் பின்தங்கிய அணியில்.

கருண் சந்தோக்கின் நிலை இன்னும் கடுமை. சென்னைப் பந்தயக் குடும்பத்துப் பிள்ளை. 2000இல் பந்தயம் தொடங்கி, 2001இல் பதினேழாம் வயதிலேயே ஃபார்முலா ஆசியா சாம்பியன். 2010இல் எச்ஆர்டி அணிக்காக பஹ்ரைனில் அறிமுகமானபோது, கார் ஆயத்தமாகாததால் பயிற்சிச் சுற்று ஒன்றுகூட ஓட்ட முடியவில்லை. தகுதிச் சுற்றில்தான் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டினார். வில்நவ் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பழகி வந்த இடத்துக்கு இவர் ஒரு கிலோமீட்டர்கூடப் பழகாமல் வந்தார். பருவத்துக்கு இடையிலான சோதனை ஓட்டங்கள் 2009 முதல் தடைசெய்யப்பட்டிருந்தன என்பதால் பின்னர் ஈடுகட்டவும் வழியில்லை. பத்துப் பந்தயங்களுக்குப் பிறகு இருக்கை வேறொருவருக்குப் போயிற்று. 2011இல் ஜெர்மனியில் லோட்டஸ் அணிக்காக ஒரே ஒரு பந்தயம். அவ்வாண்டு அக்டோபரில் டெல்லியருகே நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரியில் கார்த்திகேயன் ஓட்டினார், பதினேழாவதாக முடித்தார். சந்தோக்குக்குப் பந்தயத்தில் இடமில்லை.

பின்வரிசை அணிகளில் இருக்கை என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கொண்டுவரும் ஆதரவாளர் பணத்தால் முடிவாகிறது. இரண்டாம் ஆண்டு என்பதன் பொருள் இரண்டாம் முறை அந்தப் பணத்தைத் திரட்டுவது. திறமையைக் காட்ட முதல் ஆண்டு முழுவதும் வேண்டும். அடுத்த ஆண்டுக்கான பணத்தையோ அதே ஆண்டின் நடுவிலேயே உறுதிசெய்ய வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க ஹாமில்டனுக்கு ஒரு மக்லாரன் இருந்தது.

கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டன் அணி பிறகு மிட்லண்ட், ஸ்பைக்கர் என்று கைமாறி, 2008இல் ஃபோர்ஸ் இந்தியா ஆயிற்று. உரிமையாளர்களுள் ஒருவரான விஜய் மல்லையா சோழவரத்தில் தாமே கார் ஓட்டியவர். அந்தப் பெயரில் அணி 2018வரை ஓடியது. அத்தனை ஆண்டுகளில் ஓர் இந்தியரும் அதில் பந்தயம் ஓட்டவில்லை. இதைச் சொன்னபோது சித்தப்பா மகன் நம்பவில்லை. கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டான்.