மீசோசோம்: எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தோன்றி மறைந்த உறுப்பு

மீசோசோம் என்பது பாக்டீரியாவின் செல் சவ்வு உள்நோக்கி மடிந்து உருவாவதாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்பப்பட்ட ஓர் அமைப்பு ஆகும். இது முதலில் தென்பட்டது எலக்ட்ரான் நுண்ணோக்கியில். இயல்பான செல்லில் இது இல்லை என்று காட்டியதும் அதே கருவிதான்.

எர்னஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931-இல் ஜெர்மனியில் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினர். ஆனால் முழு பாக்டீரியா செல்லை எலக்ட்ரான் கற்றை எளிதில் ஊடுருவாது என்பதால், தொடக்ககாலப் படங்களில் அது பெரும்பாலும் கரிய நிழலாகவே விழுந்தது. செல்லை வேதிப்பொருளால் நிலைநிறுத்தி, நீரை அகற்றி, பிசினில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டும் நுட்பம் 1950களில் கைகூடிய பிறகே உட்புறம் தெரிந்தது.

1953-இல் சாப்மனும் ஹில்லியரும் பாசில்லஸ் சீரியஸ் சீவல்களில், செல் பிரியும் குறுக்குச்சுவரின் அருகே சில உருவங்களைக் கண்டனர். 1960-இல் ஃபிட்ஸ்-ஜேம்ஸ் இவ்வகை அமைப்புக்கு மீசோசோம் எனப் பெயரிட்டார். பெயர் கிடைத்ததும் வேலைகளும் கிடைத்தன: சுவாசம், குறுக்குச்சுவர் உருவாக்கம், டி.என்.ஏ. பிரிதல். மைட்டோகாண்ட்ரியா இல்லாத பாக்டீரியாவுக்கு இது நல்ல மாற்றாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஐயம் எழுந்தது தயாரிப்பு முறையில். ஆஸ்மியம் டெட்ராக்சைடு போன்ற நிலைநிறுத்திகள் செல்லை நொடியில் உறையச் செய்வதில்லை. அவை வேலை செய்துகொண்டிருக்கும்போதே சவ்வு உருமாறக்கூடும். நெதர்லாந்தின் நன்னிங்கா பாசில்லஸ் சப்டிலிஸ் செல்களை உறைய வைத்து உடைத்துப் பார்த்தார். வேதிப்பொருள் படாத செல்களில் மீசோசோம்கள் சிறியனவாக ஓரத்தில் கிடந்தன. ஆஸ்மியம் பட்டவற்றில் பெரியனவாக நடுப்பகுதியில் இருந்தன. 1971-இல் அவர் வெளியிட்ட இந்த ஒப்பீடு, படத்தில் தெரிவது செல்லா, செய்முறையா என்ற கேள்வியை எழுப்பியது. 1981-இல் எபர்சோல்டும் உடன் பணியாற்றியோரும், மீசோசோம் தயாரிப்பு முறையால் விளைவது என்றே அறிவித்தனர். 1983-இல் ஜாக் துபோஷே குழுவினர் பாக்டீரியாவை நீர் நீக்காமல், சாயமேற்றாமல், உறைந்த நிலையிலேயே சீவிப் பார்த்தபோதும் மீசோசோம் தென்படவில்லை. இவ்வகை உறைநிலை நுண்ணோக்கி முறைக்காக துபோஷே 2017-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பாடநூல்கள் இவ்வளவு விரைவாக மாறவில்லை. இந்தியாவின் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் நூலிலும் மீசோசோம் செல் உறுப்பாக இடம்பெற்றது. ஆனால் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவில் காணப்படும் உட்சவ்வு மடிப்புகள் வேறு, அவை உண்மையானவை.