புரூக்லைன் கண்ட்ரி கிளப்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டிய புரூக்லைனில் உள்ள தனியார் மன்றம் இது. பாஸ்டன் செல்வர்கள் 1882இல் இதைத் தொடங்கியபோது அவர்கள் மனத்தில் இருந்தவை குதிரையேற்றமும் பந்தயமும்தான். கோல்ஃப் 1893இல் ஆறே குழிகளுடன் நுழைந்தது. மறு ஆண்டே அமெரிக்க கோல்ஃப் சங்கத்தை நிறுவிய ஐந்து மன்றங்களில் இதுவும் ஒன்றானது. சில ஆண்டுகளில் களம் 18 குழிகளாக வளர்ந்தது. 1927இல் வில்லியம் ஃபிளின் அமைத்த பிரிம்ரோஸ் களத்தின் ஒன்பது குழிகளும் சேர்ந்து மொத்தம் 27 ஆயின. பெரிய போட்டிகளை இரண்டு களங்களிலிருந்தும் தேர்ந்தெடுத்த குழிகளில் நடத்துகிறார்கள்.

பழமையும் செல்வமுமே இம்மன்றத்தின் பெருமைக்குக் காரணம் என்பார்கள். அது பாதி உண்மைதான். உலகம் இதை அறிந்தது 1913 அமெரிக்க ஓப்பன் போட்டியால். அதை வென்ற பிரான்சிஸ் விமெட் உறுப்பினர் அல்லர். 17ஆம் குழிக்கு எதிர்த்தெருவில் வளர்ந்த தோட்டக்காரரின் மகன். சிறுவயதில் இதே களத்தில் மற்றவர்களின் மட்டைப்பைகளைச் சுமந்து ஆட்டத்தைக் கற்றவர். வென்றபோது அவருக்கு வயது 20. அவர் பையைச் சுமந்த எடி லோவரிக்கு வயது 10. பிரிட்டனின் ஹாரி வார்டனும் டெட் ரேயும் அவருடன் சமநிலையில் முடிக்க, மறுநாள் கூடுதல் சுற்று நடந்தது. விமெட் 72 அடிகளில் முடித்தார். வார்டனுக்கு 77, ரேக்கு 78. அமெரிக்க ஓப்பனை வென்ற முதல் அமெச்சூர் அவரே. அந்த வெற்றியின் 50ஆம் ஆண்டான 1963லும் 75ஆம் ஆண்டான 1988லும் ஓப்பன் போட்டி புரூக்லைனுக்குத் திரும்பியது. நூற்றாண்டில், 2013இல், அமெரிக்க அமெச்சூர் போட்டி இங்கே நடந்தது. மன்றம் தன் வரலாற்றை எந்த நாளிலிருந்து எண்ணுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

உறுப்பினர்களின் நிலமும் பணமும் இல்லையென்றால் விமெட் ஆடக் களமே இருந்திராது என்று வாதிடலாம். சரிதான். ஆனால் நாட்டில் அத்தகைய களங்கள் வேறு பலவும் இருந்தன. இந்தப் புகழ் அவற்றுக்கு வாய்க்கவில்லை. ஒருவரின் வெற்றியால் மன்றத்தின் கதவு எல்லோருக்கும் திறந்துவிடவில்லை என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதை ஏற்கத்தான் வேண்டும். விளையாட்டுப் பொருள் வணிகத்தில் ஈடுபட்டதற்காக 1916இல் விமெட்டின் அமெச்சூர் தகுதியையே கோல்ஃப் சங்கம் பறித்தது. பரம்பரைச் சொத்தில் வாழ்ந்தவரை அந்த விதி தொடவில்லை. உழைத்துப் பிழைத்தவரைத்தான் தண்டித்தது. 1918இல் தகுதி திரும்பியது. பைசுமக்கும் இளைஞர்களின் கல்லூரிப் படிப்புக்காக 1949இல் அவர் பெயரில் தொடங்கிய நிதி இன்றும் உதவித்தொகை வழங்கிவருகிறது.