மிடறு

வெயிலில் வந்தவரிடம் தண்ணீர்ச் சொம்பை நீட்டினால், “ஒரு மிடறு போதும்” என்பார். மிடறு என்ற சொல் இன்று பேச்சில் பிழைத்திருப்பது இந்த அளவில்தான். முதலில் அது உறுப்பின் பெயர். கழுத்தையும் அதன் உள்ளே தொண்டையையும் குறித்தது. நஞ்சுண்ட சிவனுக்குக் கறைமிடற்றன், நீலமிடற்றன் என்ற பெயர்கள் அப்படி வந்தவை. ஒரு வாய் சோறு, ஒரு கை அரிசி என்று உறுப்பாலேயே அளந்து பழகியவர்கள் நாம். தொண்டை ஒருமுறை விழுங்குவது ஒரு மிடறு ஆனது.

ஆனால் மிடற்றுக்கு விழுங்குவது மட்டுமா வேலை? தொல்காப்பியப் பிறப்பியலைப் பாருங்கள். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாகிறது என்கிறது. பன்னிரண்டு உயிரும் மிடற்றுக் காற்றால் இசைப்பவை. வாய் திறந்தால் அ, ஆ. இதழ் குவிந்தால் உ, ஊ. ஒலி பிறக்கும் இடம் ஒன்று, அதற்கு உருவம் கொடுக்கும் இடம் வேறு. பேச்சொலியியலில் சுவீடன் நாட்டு குன்னர் ஃபான்ட் 1960இல் வெளியிட்ட நூலும் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது. அவருடைய கணக்குகளைத் தொல்காப்பியர் முன்பே போட்டுவிட்டார் என்று பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. தன் வாயையும் கழுத்தையும் அவ்வளவு பொறுமையாகக் கவனித்திருக்கிறாரே, அது போதும்.

இசையிலும் இந்தச் சொல்லுக்குத் தனி இடம் இருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழ், குழல், தண்ணுமை ஆகியவற்றோடு மிடறும் சேர்ந்து வருகிறது. அங்கே அதற்கு வாய்ப்பாட்டு என்று பொருள். இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று பிரித்தவர்கள், மிடற்றுக்கருவி என்று ஐந்தாவதாக ஒன்றையும் வைத்தார்கள். தொண்டையை நரம்போடும் சேர்க்கவில்லை, குழலோடும் சேர்க்கவில்லை.

பிரான்சில் அதை நரம்போடு சேர்த்தார் ஒருவர். பாரிஸ் உடற்கூற்றியலாளர் அந்துவான் ஃபெரேன், இறந்த உடலிலிருந்து எடுத்த குரல்வளையில் காற்றை ஊதி ஒலி எழுப்பிக் காட்டியவர். உள்ளே இருப்பவை வயலின் போன்ற கருவியின் தந்திகள், காற்றுதான் வில் என்று கருதி, 1741இல் அவற்றுக்குக் ‘குரல் தந்திகள்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயர் உலகெங்கும் பரவி, தமிழில் குரல்நாண் ஆயிற்று.

நாண் என்றால் இரு முனையில் மட்டும் கட்டுண்டு நடுவே அந்தரத்தில் நிற்க வேண்டும். குரல்வளைக்குள் அப்படி ஒன்றும் இல்லை. பக்கச் சுவரோடு நெடுக ஒட்டி, உள்விளிம்பு மட்டும் விடுபட்ட இரண்டு தசை மடிப்புகள் இருக்கின்றன. மேலே ஈரமான மெல்லிய சவ்வு. மூடிய மடிப்புகளை நுரையீரல் காற்று தள்ளித் திறக்கிறது. அவை உடனே திரும்பி மூடுகின்றன. பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 120 முறை, பெண்களுக்கு 200 முறை. காற்று துண்டு துண்டாக வெளியேறுவதுதான் குரல். விழுங்கும்போது இதே மடிப்புகள் இறுக மூடி மூச்சுக்குழாயைக் காக்கின்றன. அது தவறினால் புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோம். தண்ணீருக்கும் பாட்டுக்கும் ஒரே சொல் வழங்கியது எவ்வளவு பொருத்தம்!

ஆங்கிலத்தில் மருத்துவர்களே இன்று தந்தியை விட்டு, மடிப்பு என்று எழுதுகிறார்கள். தமிழில் பாடநூல் எழுதுவோரும் நாணை விட்டுவிடலாம். மிடற்றுமடிப்பு என்று எழுதிப் பாருங்கள்.