கறுப்பு அங்கியும் வெண்பட்டையும்

தறியோசை கேட்டே வளர்ந்த அன்னூர்ப் பக்கத்தாருக்கு, மானம் காப்பதும் மேனியை அலங்கரிப்பதுமே வஸ்திரத்தின் பிரயோஜனம். காமிராவின் கண்ணுக்கென்றே ஓர் உடை உண்டென்றால் அவர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அதன் சரித்திரம் புதியதன்று.

1880-களில் பாரிஸ் நகரத்துச் சரீரசாஸ்திர நிபுணர் எத்தியன் ஜூல் மாரே, மனித நடையின் சூட்சுமத்தை ஆராயும் பொருட்டு, ஒருவனுக்குத் தலைமுதல் கால்வரை கறுப்பு அங்கி அணிவித்து, கை கால்களின் நெடுகிலும் வெண்பட்டைகளைப் பொருத்தி, கரிய பின்புலத்தின் முன் நடக்கவிட்டு, உடல் மறைந்து கோடுகள் மாத்திரம் பதியுமாறு ஒரே தகட்டில் பல பிம்பங்களைப் பிடித்தார். பட்டைகளின் ஸ்தானத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளும், அங்கியின் ஸ்தானத்தில் உடலோடு ஒட்டும் லைக்ராவும் வந்தனவேயன்றி, கணினி விளையாட்டின் பாத்திரங்களுக்கு அசைவு தரும் நடிகர் இன்று அணிவதும், 2014-இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ திரைப்படத்துக்காக லண்டனில் அணியப்பட்டதும் ஏறக்குறைய அதே உடைதான்.

2010-இல் மைக்ரோசாப்டின் கினெக்ட் என்னும் விளையாட்டுக் கருவி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் புள்ளிகளை ஆடுவோர் மீது தூவி, விசேஷ உடையின் அவசியத்தை வீட்டுக் கூடத்திலிருந்து அகற்றிற்று. அகற்றியும் என்ன? வேட்டி, சேலை போன்ற தளர்ந்த உடைகளுக்குள் முழங்கால் எங்கே என்று அறிவது அதற்குப் பிரயாசையாயிற்று. குற்றம் வேட்டியினுடையதன்று என்பது என் கட்சி. 2017-இல் கினெக்டின் உற்பத்தி நின்றுபோயிற்று. கறுப்பு அங்கியின் வழிவந்த உடை மட்டும் படப்பிடிப்புக் கூடங்களில் இன்றும் உபயோகத்தில் இருக்கிறது.