மாடித்தோட்டமும் கட்டைக்குத்துக் கூரையும்

மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை 1876-இல் வந்தபின் விருதுபட்டி பெரும் வணிகச் சந்தையானது. பருத்தி, மிளகாய், எண்ணெய் வித்து வணிகத்துக்குக் கடைகளும் கிட்டங்கிகளும் எழுந்தன. 1923-இல் ஊர் விருதுநகர் எனப் பெயர் மாறியது. தென்மாவட்ட வணிக ஊர்களில் அக்காலக் கட்டடங்கள் சில இன்று அலுவலகங்களாகப் புதுப்பிக்கப்படுகின்றன. வெயிலைத் தணிக்க அவற்றின் மேல் தோட்டம் போடலாமா என்ற கேள்வியும் எழுகிறது. விடை கூரையில் இருக்கிறது.

அக்காலக் கட்டடங்கள் பலவற்றின் கூரை 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் கட்டைக்குத்துக் கூரை. உத்திரத்தின் மேல் நெருக்கமாகத் தேக்குச் சட்டங்களை இட்டு, மெல்லிய அச்சுக்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில், சாய்கோணமாக அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவர். சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேரும். மேலே தட்டோடு பதித்து, மழைநீர் ஓட வாட்டம் விடுவர். கம்பியே இல்லாத இந்தக் கூரையின் சுமை முழுவதையும் மரச்சட்டங்களே தாங்குகின்றன. சட்டம் சுவருக்குள் புதையும் முனைதான் பெரும்பாலும் முதலில் மட்கும்; கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

ஆட்கள் ஏறும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஓரடி ஆழ ஈர மண்ணோ அதே பரப்பில் 500 கிலோவைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் முழுவதும் நனையும்போதுதான் இந்தக் கணக்கின் உண்மை தெரியும்.

கூரை போனால் என்ன ஆகும் என்பதற்குச் சேப்பாக்கம் கலசமகால் ஒரு சான்று. 1768-இல் ஆற்காட்டு நவாப் கட்டிய அரண்மனையின் பகுதியான அது, பின்னாளில் அரசு அலுவலகமானது. 2012 ஜனவரியில் நடந்த தீவிபத்தில் அதன் கூரை இடிந்தது. பொதுப்பணித்துறை பழைய சுண்ணாம்பு முறையிலேயே அதை மீட்டது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கு இயங்குகிறது.

பழைய அலுவலகத்தின் மேல் தோட்டம் போட்டுக் காட்டிய ஊர் சிகாகோ. 1995-இல் அங்கு வெப்ப அலை நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. சில ஆண்டுகளில், 1911-இல் கட்டிய நகர்மன்றக் கட்டடத்தின் மேல் 20,000 சதுர அடிக்கு மேல் பசுமைக் கூரை அமைந்தது. பெரும்பரப்பில் நாலங்குல மண்தான். மரம் வைத்த இடங்கள் தூண்களின் தலைக்கு நேர் மேலே உள்ளன.

கட்டைக்குத்துக் கூரைக்கும் இந்தப் பாடம் பொருந்தும். கனமான தொட்டிகள் தடித்த சுவர்களின் மேல்தான் நிற்க வேண்டும். நடுப்பரப்புக்குத் தென்னைநார்க் கழிவு கலந்த மெல்லிய படுகை போதும். அதையும் தட்டோட்டில் படாமல் தாங்கிகளின் மேல் வைத்தால் வாட்டம் அடைபடாது. ஒழுகுகிறதே என்று சிமெண்ட் பூசுவது பெருந்தவறு. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை மட்கச் செய்யும். அரசும் ஆலும் கைப்பிடிச் சுவரில் தாமாகவே முளைத்துத் தோட்டம் போடும். அவற்றை வேரோடு முதலில் எடுத்தாக வேண்டும்.

சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு இந்த யோசனை ஆகாது. அங்கே வெடிமருந்து அறைகளைச் சுற்றிக் காய்ந்த புல்லும் சருகும் இருக்கக் கூடாது என்பது விதி. நகருக்குள் உள்ள அலுவலகங்களிலும் சித்திரை வெயிலில் தண்ணீர் விட ஆளில்லையென்றால், தோட்டம் மாடியில் கிடக்கும் சருகுக் குவியலாகிவிடும்.