பியா போன வழி

பினாங்கின் ஜார்ஜ்டவுனில், பழைய சீனப் பலகாரக் கடைகளின் அடுப்பிலிருந்து தட்டு இறங்கும்போது முதலில் எட்டுவது வெங்காய வாசம். வேகவைத்து மசித்த பாசிப்பருப்பில் பொரித்த சின்ன வெங்காயமும் சர்க்கரையும் உப்பும் சேர்த்துக் கிளறிய பூரணம். அதைச் சுற்றி ஏடு ஏடாக உதிரும் தோல். உப்பும் இனிப்பும் ஒரே கடியில் கிடைக்கும். இதன் பெயர் தாவ் சார் பியா. 1856இல் தொடங்கிய கீ ஹியாங் கடை இதற்குப் பேர்போனது.

'தாவ் சார்' என்பது பருப்பு விழுது. நீண்ட பயணம் செய்த சொல் 'பியா'தான்.

ஹொக்கியன் மக்கள் மூக்கொலியோடு 'பியா' என்பதை மாண்டரினில் 'பிங்' என்பார்கள், எழுத்து ஒன்றே. கி.பி. 200ஐ ஒட்டி லியூ ஷி தொகுத்த 'ஷிமிங்' அகராதி, மாவும் நீரும் ஒன்றுசேர்வதால் அது பிங் என்கிறது. இது ஒலியொற்றுமையை வைத்துச் சொன்ன விளக்கம். வேரைக் காட்டுவதாக நான் கொள்ளமாட்டேன். ஆனால் அன்று அச்சொல் எவ்வளவு அகலமாக இருந்தது என்பதை அது காட்டிவிடுகிறது. கோதுமை மாவைப் பிசைந்து எதைச் செய்தாலும் பிங்தான். கொதிநீரில் வெந்தது தாங் பிங், ஆவியில் வெந்தது ஜெங் பிங், மேற்கிலிருந்து வந்த எள் ரொட்டி ஹூ பிங். பின்னாளில் நூடுல்ஸுக்கு 'மியென்' என்ற பெயர் நிலைக்க, வட்டமும் தட்டையுமானவை பிங்கிடம் தங்கின. ஜப்பானில் இதே எழுத்து, கோதுமையே இல்லாமல் பசையரிசியை இடித்துச் செய்யும் மோச்சியைக் குறிக்கிறது.

சீனாவின் ஃபூஜியான் கரையிலிருந்து கப்பலேறிய ஹொக்கியன் மக்களோடு 'பியா'வும் தென்கிழக்காசியாவுக்கு வந்தது. மலேசியத் தமிழர்களும் விரும்பித் தின்னும் பொப்பியா 'மெல்லிய பியா'. மணிலாவின் ஹோப்பியா 'நல்ல பியா'. ஜாவாவின் யோக்யகர்த்தாவில் பக்பியா. 'பக்' என்றால் இறைச்சி, குறிப்பாகப் பன்றி இறைச்சி. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரில் இறைச்சி போய்ப் பாசிப்பருப்பு வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. பத்தோக் பகுதியில் அது குடும்பத் தொழிலானது. 25, 75 என்று பெட்டிகளில் காணும் எண்கள், அதைச் செய்த வீடுகளின் கதவிலக்கங்கள். ஒரு பலகாரத்தின் வரலாற்றை இவ்வளவு நேர்மையாகத் தாங்கிநிற்கும் பெயர் எனக்கு வேறு தெரியாது.

லியூ ஷியின் 'ஒன்றுசேர்தல்' தாவ் சார் பியாவின் தோலுக்குப் பாதிதான் பொருந்தும். இதற்கு இரண்டு மாவு வேண்டும். ஒன்று நீரும் கொஞ்சம் கொழுப்பும் விட்டுப் பிசைந்தது. மற்றது கொழுப்பு மட்டும் சேர்த்தது. முதலாவதற்குள் இரண்டாவதைப் பொதிந்து, தேய்த்து, சுருட்டி, மறுபடி தேய்ப்பார்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. அடுப்பில் நீர் ஆவியாகி ஏடுகளைத் தூக்கும். இடையிலுள்ள கொழுப்பு அவை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். அழுத்தித் தேய்த்தாலோ, கை சூட்டில் கொழுப்பு உருகினாலோ, ஏடு போய் வெறும் ரொட்டியாகிவிடும். ஆறிய பிறகு பூரணத்தின் ஈரம் தோலில் இறங்கி மொறுமொறுப்பைக் குறைக்கும். அதனால் பெட்டி வீட்டுக்குப் போகட்டும். முதல் பியாவைக் கடை வாசலிலேயே, விரல் சுடச்சுடத் தின்ன வேண்டும்.